22 வாரக் கர்ப்பத்தில் லுகேமியா: பிரசவம் வரை காத்திருக்கலாமா?

உங்கள் தங்கைக்கு 22-வது வாரம், ரத்தத்தில் பிளாஸ்ட் செல்கள் (முதிராத ரத்த அணுக்கள்) தெரிகின்றன, பிரசவம் வரை தள்ளிப்போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது. அக்யூட் லுகேமியா, அதாவது வேகமாக முற்றும் ரத்தப் புற்றுநோய், அவ்வளவு நாள் காத்திருக்காது. மாதக்கணக்கில் தள்ளினால் தாய், குழந்தை இருவருக்குமே ஆபத்து.

ரத்தசோகையும் தட்டணு குறைவும் கர்ப்பத்திலேயே வரக்கூடியவைதான். பிளாஸ்ட் அப்படியல்ல. நோயை உறுதிசெய்யும் எலும்பு மஜ்ஜைப் பரிசோதனைக்குப் பயப்பட வேண்டாம், இடுப்பெலும்பில் மரத்துப்போக ஊசி போட்டு எடுப்பார்கள், குழந்தையைப் பாதிக்காது.

கீமோ முதல் மூன்று மாதங்களில்தான் பெரிய சிக்கல்; உறுப்புகள் உருவாகும் காலம் அது. அதைத் தங்கை தாண்டிவிட்டார். ஏஎம்எல் (அக்யூட் லுகேமியாவின் ஒரு வகை) என்றால் டானோரூபிசின், சைட்டராபின் என்ற கீமோ மருந்துகளை இப்போது தருவதுண்டு. குறைப்பிரசவம், எடை குறைவு போன்ற ஆபத்து இருக்கிறது, அதனால் ஸ்கேன் அடிக்கடி எடுப்பார்கள். கீமோ முடிந்து ரத்த அணுக்கள் ஏறிய பிறகு பிரசவம் வருமாறு திட்டமிடுவார்கள்.

அப்புறம் ஒன்று: இது ஏஎம்எல்லிலேயே ஏபிஎல் என்ற தனி வகையா என்று இன்றே கேளுங்கள். அதில் ரத்தக்கசிவு திடீரென்று வரும். அதற்கான ட்ரெட்டினாயின் மாத்திரையைச் சந்தேகம் எழுந்த உடனே தொடங்குவார்கள். ரத்தநோய் மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் ஒரே இடத்தில் இருக்கும் மருத்துவமனைக்கு நாளைக்கே போய்விடுங்கள். காய்ச்சலோ ரத்தக்கசிவோ இருந்தால் நாளை வரை வேண்டாம், இப்போதே.