யானை வழித்தடம் என்றால் என்ன? மசினகுடியில் அதற்கு ஏன் இத்தனை சண்டை?

இரண்டு பெரிய காடுகளுக்கு இடையே யானைகள் கடந்துபோக மிஞ்சியிருக்கும் ஒடுங்கிய காட்டுப் பட்டைதான் யானை வழித்தடம். நீலகிரியின் வடக்கு அடிவாரத்தில் இருக்கும் சீகூர் அப்படிப்பட்ட இடம். தெற்கே செங்குத்தான மலை, வடக்கே மோயாற்றின் கிடுகிடு பள்ளம். நடுவிலுள்ள சமதரையில்தான் யானை போய்வந்தாக வேண்டும். மசினகுடி, மாவனல்லா, வாழைத்தோட்டம் ஆகிய ஊர்களும், அங்குள்ள சுற்றுலா விடுதிகளும் இருப்பது அதே தரையில்தான்.

ஊர் வண்டிப்பாதையை ஒருத்தர் வேலி போட்டு அடைத்தால் வண்டி நின்றா விடும்? பக்கத்துக் களத்துமேட்டில் புகுந்து போகும். விடுதியின் மின்வேலியைப் பார்த்துத் திரும்பும் யானையும் அப்படியே அடுத்தவர் வாழைக்குள் இறங்குகிறது.

2010-ல் தமிழக அரசு வழித்தடத்தை அறிவித்தது. 2011-ல் உயர் நீதிமன்றமும், 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தன. 'எங்கள் நிலத்துக்குப் பட்டா இருக்கிறதே, ஏன் காலி செய்ய வேண்டும்?' என்பது விடுதிக்காரர்கள் வாதம். ஜீப் ஓட்டுகிறவருக்கும் அறை பெருக்குகிற அக்காவுக்கும் அந்த விடுதிதான் சோறு. அவர்களை வில்லனாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அதே மசினகுடியில்தான், 2021 ஜனவரியில், எரியும் பொருளை வீசியதில் காது கருகிய ஒரு யானை செத்தும் போனது.

வழித்தடம் என்றதும் ஒற்றையடிப் பாதை என்று நினைத்துவிடாதீர்கள்; பெரிய காடுகளோடு ஒப்பிட்டால் ஒடுங்கியதுதான் என்றாலும், யானை மேய்ந்து, தண்ணீர் குடித்து, குட்டியோடு நிதானமாகக் கடக்கிற அளவுக்கு அகலமான காடு அது.