கிரேடு 8 இருந்தால் லண்டனில் நேராக இரண்டாம் ஆண்டா?

கேள்வி: என் மகன் பிளஸ் டூ முடித்திருக்கிறான். டிரினிட்டி கீபோர்டு தேர்வில் கிரேடு 8, டிஸ்டிங்ஷன். எஃப்.எல். ஸ்டுடியோ என்ற கணினி இசை மென்பொருளில் முப்பது நாற்பது மெட்டு போட்டு வைத்திருக்கிறான். இசையமைப்பையே பட்டமாகப் படிக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். கிரேடு 8 இருப்பதால் 'லண்டன் டிரினிட்டி'யில் நேராக இரண்டாம் ஆண்டில் சேர்த்துவிடலாம், ஆடிஷன் எதுவும் கிடையாது, இந்த மாதத்துக்குள் 1,75,000 ரூபாய் கட்டி இடத்தைப் பிடியுங்கள் என்கிறார் ஒரு வெளிநாட்டுப் படிப்பு ஆலோசகர். நம்பிக் கட்டலாமா?
(பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தாய்)

பதில்: கட்டாதீர்கள் அம்மா. அவர் சொன்ன மூன்று விஷயங்களில் ஒன்றுகூட நிற்காது.

முதலில் இரண்டாம் ஆண்டு விஷயம். பிரிட்டனில் எல்லாத் தகுதிகளுக்கும் படி எண் போட்டிருக்கிறார்கள். கிரேடு 8 மூன்றாம் படி. அங்கே பள்ளியை முடிக்கும்போது எழுதும் ஏ லெவல் தேர்வும் மூன்றாம் படிதான். வழக்கமான மூன்று ஆண்டுப் பட்டப்படிப்பில் முதல் ஆண்டு நான்காம் படி, இரண்டாம் ஆண்டு ஐந்து, கடைசி ஆண்டு ஆறு. அதாவது, தம்பி இப்போது பட்டப்படிப்பின் வாசலில் நிற்கிறான். அது நல்ல இடம்தான். ஆனால் உள்ளே ஒரு வருடம் படித்து முடித்ததாக அதற்கு அர்த்தம் கிடையாது. கிரேடு 8 டிஸ்டிங்ஷனுக்கு அங்கே சேர்க்கையில் 30 புள்ளி தருகிறார்கள். ஏ லெவலில் ஒரே ஒரு பாடத்தில் ஏ வாங்கினாலே 48 புள்ளி. இந்தக் கணக்கை ஆலோசகர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்.

இதில் ஒரு விலக்கு உண்டு. அதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இவர்கள் திரித்துச் சொல்வது இதைத்தான். கிரேடு 8க்கு மேலே டிரினிட்டியில் டிப்ளமோக்கள் இருக்கின்றன. ஏ.டி.சி.எல். நான்காம் படி, எல்.டி.சி.எல். ஆறாம் படி, எஃப்.டி.சி.எல். ஏழாம் படி. 'எல்.டி.சி.எல். ஆறாம் படி, பட்டமும் ஆறாம் படி, ஆகவே இரண்டும் ஒன்று' என்று துண்டறிக்கையிலேயே அச்சடிக்கிறார்கள். படி எண் சொல்வது வாசிப்பு எவ்வளவு கடினம் என்பதை மட்டும். எவ்வளவு படித்தோம் என்பதை அது சொல்லாது. ஏணி வைத்துக் கோபுரத்தின் ஆறாம் நிலைக்கு ஏறியவர் ஆறாம் நிலையில் நிற்பது உண்மை. அதனால் ஆறு நிலையையும் அவர் கட்டினார் என்று ஆகிவிடாது. இங்கிலாந்தில் ஒரு முழு ஹானர்ஸ் பட்டத்துக்கு 360 கிரெடிட் (படிப்பின் அளவைச் சொல்லும் அலகு) வேண்டும். எல்.டி.சி.எல். அதில் ஒரு பகுதிக்குத்தான் வரும். அதுவும் வாசிப்புக்கான டிப்ளமோ. கீபோர்டு நன்றாக வாசிப்பவன் என்பதற்குச் சாட்சி, இசை எழுதுபவன் என்பதற்கு அல்ல. எல்.டி.சி.எல். வைத்திருக்கும் ஒருவருக்குச் சில பாடங்களைக் கழித்துத் தருவதா என்பதை அந்தந்தக் கல்லூரி ஆளைப் பார்த்து, எழுதியதைப் பார்த்து முடிவு செய்யும். முடிவைக் கடிதமாகக் கொடுக்கும். நடுவில் இருப்பவர் வாயால் சொல்லும் விஷயம் அல்ல அது. இத்தனையும் சொன்ன பிறகு ஒன்று: தம்பியிடம் இருப்பது கிரேடு 8. எல்.டி.சி.எல். இல்லை. ஆகவே இந்த விலக்கு உங்களுக்குப் பொருந்தவே பொருந்தாது.

அடுத்தது 'லண்டன் டிரினிட்டி' என்ற பெயர். நம் ஊரில் வருடத்துக்கு எத்தனை குடும்பங்கள் இந்தப் பெயரில் ஏமாறுகின்றன என்று நினைத்தால் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. 1872இல் லண்டனில் டிரினிட்டி இசைக் கல்லூரி தொடங்கியது. வெளியூர், வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குத் தேர்வு நடத்திய அதன் பிரிவு பிற்பாடு டிரினிட்டி காலேஜ் லண்டன் என்று தனி அமைப்பாகிவிட்டது. பெயரில் காலேஜ் இருந்தாலும் அது தேர்வு வாரியம். தம்பியின் சான்றிதழில் இருப்பது அந்தப் பெயர். அங்கே போய்ச் சேர்ந்து படிக்க எதுவும் இல்லை. பழைய கல்லூரி 2005இல் லாபான் என்ற நடனக் கல்லூரியோடு இணைந்து டிரினிட்டி லாபான் ஆயிற்று. கிரீனிச்சில் இருக்கிறது, இசையமைப்புப் பட்டம் அங்கே உண்டு. ஆனால் கிரேடு சான்றிதழ் வைத்திருப்பவர்கள் 'நம் பிள்ளைகள்' என்று தனிச் சலுகை ஏதும் இல்லை. கேம்பிரிட்ஜிலும் டப்ளினிலும் இருக்கும் டிரினிட்டிகள் இவற்றோடு சம்பந்தமே இல்லாதவை. ஆலோசகரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எந்த டிரினிட்டி? பதிலை எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

மூன்றாவது, ஆடிஷன் இல்லை என்பது. இசையமைப்புக்கு விண்ணப்பிப்பவர்களிடம் அவர்கள் கேட்பது சொந்தமாக எழுதிய இசை. பொதுவாக ஒன்றுக்கொன்று மாறுபட்ட இரண்டு மூன்று படைப்புகள், அவற்றின் ஸ்கோர் (வாசிப்பவர்களுக்காக இசையை எழுதிய தாள்), ஒலிப்பதிவு, பிறகு நேர்காணல். இது எதுவும் வேண்டாம் என்று ஒரு இடம் சொன்னால், அது இசையமைப்பு சொல்லித்தரும் இடமாக இருக்காது. பெரும்பாலும் ஒரு தனியார் நிறுவனத்தின் 'மியூசிக் புரொடக்ஷன்' படிப்பை, பெயரை மாற்றி விற்கிறார்கள். ஆள் சேர்த்துவிட்டால் ஆலோசகருக்கு அந்தக் கல்லூரியே கமிஷன் கொடுக்கும். அவர் உங்கள் பையனுக்கு எந்தக் கல்லூரி பொருந்தும் என்று தேடவில்லை.

உண்மையான வழி எளிது. லண்டனின் ராயல் அகாடமி, ராயல் கல்லூரி, டிரினிட்டி லாபான், மான்செஸ்டரில் ராயல் நார்தர்ன், பர்மிங்ஹாம், கிளாஸ்கோ, கார்டிஃப், லீட்ஸ் கன்சர்வட்டோரியங்களுக்கு (இசைக்கான உயர்கல்லூரிகள்) யூகாஸ் கன்சர்வட்டோர்ஸ் என்ற ஒரே தளத்தில் விண்ணப்பிக்கலாம். தம்பியே உட்கார்ந்து நிரப்பலாம். அடுத்த செப்டம்பரில் சேர, இந்த அக்டோபர் தொடக்கத்துக்குள் விண்ணப்பம் போக வேண்டும். விண்ணப்பத்துக்கும் தேர்வுக்கும் சிறு கட்டணங்கள் உண்டு. பெரிய தொகை எதுவாக இருந்தாலும், சேர்க்கைக் கடிதம் கையில் வந்த பிறகு, கல்லூரியின் பெயரில் உள்ள கணக்குக்கு மட்டும் கட்டுங்கள். அந்தக் கல்லூரிக்கு வெளிநாட்டு மாணவர்களை அழைக்க உரிமம் இருக்கிறதா என்று பிரிட்டிஷ் அரசின் இணையப் பட்டியலில் யாரும் பார்க்கலாம். கன்சர்வட்டோரியங்களில் பட்டம் பெரும்பாலும் நான்கு ஆண்டு. லண்டனில் வெளிநாட்டு மாணவருக்குக் கல்விக் கட்டணமே ஆண்டுக்கு 25,000 பவுண்டுக்குக் குறையாது, சாப்பாடும் தங்குமிடமும் தனி. நிலத்தை விற்கலாமா என்று யோசிப்பதற்கு முன் இந்தத் தொகையை நான்கால் பெருக்கிப் பாருங்கள்.

இனி நான் தம்பியிடம் பேச வேண்டிய பகுதி.

நாற்பது மெட்டு இருப்பது பெரிய விஷயம், தம்பி. ஆனால் இப்போது இருக்கும் நிலையில் அவை ஒரு கம்ப்யூட்டரால் மட்டுமே வாசிக்க முடிந்தவை. பட்டப்படிப்பு என்றால் வேறு மனிதர்கள் வாசிப்பதற்கு எழுதக் கற்பது. 2025 மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜாவின் சிம்ஃபொனியை ராயல் ஃபில்ஹார்மோனிக் கன்சர்ட் ஆர்கெஸ்ட்ரா வாசித்தபோது, ஒவ்வொருவர் முன்னாலும் இருந்தது அவர் எழுதிய தாள். இளைஞராக இருந்தபோது, சென்னையில் மேற்கத்திய இசை கற்பித்த தன்ராஜ் மாஸ்டரிடம் உட்கார்ந்து கற்ற எழுத்து அது. அவருக்குப் பட்டம் இல்லையே என்று கேட்பாய். இல்லைதான்; பாட்டுக்கு இசையமைக்க எந்த ஸ்டுடியோவும் பட்டம் கேட்பதில்லை. ஆனால் அந்த எழுத்து அவரிடம் இருந்தது. அதைக் கற்கப் பட்டப்படிப்பு ஒரு வழி.

எஃப்.எல். ஸ்டுடியோவின் மிடி கோப்பை (எந்த ஸ்வரம் எப்போது என்ற கணினிப் பதிவு) அப்படியே நொட்டேஷன் மென்பொருளில், அதாவது இசையைத் தாளில் எழுதும் மென்பொருளில், திறந்து ஸ்கோர் என்று அனுப்புகிறவர்கள் நிறைய. கை ஒரு துளி பிந்தியதைக்கூட மென்பொருள் முப்பத்திரண்டில் ஒரு பங்கு நீளமுள்ள ஸ்வரமாக எழுதி, அதை அடுத்ததோடு இணைக்க ஒரு வளைகோடும் போட்டுவிடும். பார்ப்பவருக்கு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும், இவன் இதை எழுதவில்லை என்று. வயலினின் கடைசித் தந்தி ஜி. அதற்குக் கீழே ஸ்வரம் கிடையாது. லேப்டாப் வயலின் எவ்வளவு கீழேயும் போகும். புல்லாங்குழல்காரருக்கு மூச்சு வாங்க இடம் வேண்டும். பி ஃபிளாட் கிளாரினெட்டுக்கு எழுதுவது ஒரு முழு ஸ்வரம் கீழே ஒலிக்கும். இதெல்லாம் தேர்வாளர்கள் பத்து நொடியில் பார்த்துவிடும் இடங்கள். மியூஸ்ஸ்கோர் இலவசம், உனக்கு அதுவே போதும். ஃபினாலே மென்பொருளைத் தள்ளுபடியில் தருகிறோம் என்று பயிற்சி மையங்கள் வந்தால் வேண்டாம் என்று சொல்; அதைத் தயாரித்தவர்களே 2024 ஆகஸ்டில் அதன் மேம்பாட்டை நிறுத்திவிட்டதாக அறிவித்துவிட்டார்கள்.

சிறிதாக எழுது. ஒரு வயலினுக்கு மட்டும் இரண்டு நிமிடம். கல்யாணி ராகத்தில் எழுதினால், கமகத்தைக் கேள்விப்படாத ஒரு வயலின்காரர் உன் தாளைப் பார்த்து என்ன வாசிப்பார் என்று யோசி. அவர் ஸ்வரங்களைத் தட்டையாக வாசிப்பார். எங்கே அசைய வேண்டும், எவ்வளவு வேகத்தில், எந்த ஸ்வரத்தைத் தொட்டுத் திரும்ப வேண்டும் என்று நீதான் எழுத வேண்டும். இதோடு மல்லுக்கட்டிய ஒரு பக்கம் எந்த நேர்காணலிலும் உனக்குப் பேச்சுக் கொடுக்கும். அப்புறம் உன் ஊரிலேயே ஒரு செல்வம் இருக்கிறது. பாளையங்கோட்டை சி.எஸ்.ஐ. ஆலயங்களில் சோப்ரானோ, ஆல்டோ, டெனார், பேஸ் என்று நான்கு குரலில் பாடும் குழுக்கள் உண்டு. குழுத் தலைவரைப் போய்ப் பார், எட்டு வரி எழுதிக் கொடு, பாடச் சொல்லிப் போனில் பதிவு செய். நீ எழுதியது எங்கே பாடவே வராது என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

இன்னொரு கூட்டம் இப்போது கிளம்பியிருக்கிறது: 'போர்ட்ஃபோலியோவை (விண்ணப்பத்துக்கான படைப்புத் தொகுப்பை) நாங்களே செய்து தருகிறோம்'. சில மாதங்களுக்கு முன் ஒரு பெண் தன் ஸ்கோரை என்னிடம் கொண்டு வந்தாள். மிக நேர்த்தியான சரக்கு. இந்த இடத்தில் வியோலா (வயலினைவிடச் சற்றுப் பெரிய வாத்தியம்) ஏன் நின்றுவிடுகிறது என்று கேட்டேன். வியோலா எந்த வரி என்றே அவளுக்குத் தெரியவில்லை. பெற்றோர் 60,000 ரூபாய் கொடுத்திருந்தார்கள். நேர்காணலில் முதல் கேள்வியே இப்படித்தான் வரும், அம்மா. தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இவ்வளவு செலவு முடியாது என்றால் இங்கே என்ன இருக்கிறது? சென்னை, மதுரை, கோவை, திருவையாறில் அரசு இசைக் கல்லூரிகள் இருக்கின்றன, கட்டணம் மிகக் குறைவு. ஆனால் குரல், வீணை, வயலின், மிருதங்கம், நாகஸ்வரம் என்று பாடுவதையும் வாசிப்பதையும் வைத்தே பிரிவுகள். இத்தனை இசையமைப்பாளர்கள் பிறந்த மாநிலத்தில், 2013இல் இசைக்கும் கவின்கலைகளுக்கும் என்று ஒரு பல்கலைக்கழகம் வந்த பிறகும், இசை எழுதக் கற்க விரும்பும் பிள்ளை அப்பாவின் நிலப் பத்திரத்தைப் பார்க்க வேண்டியிருப்பது எனக்குப் பெரிய ஆற்றாமை. இந்த ஓட்டை இருப்பதால்தான் ஆலோசகர்கள் பிழைக்கிறார்கள். தனியார் நிறுவனங்கள் 'பட்டம்' என்று சொன்னால், அதை எந்தப் பல்கலைக்கழகம் தருகிறது என்று கேளுங்கள். 1956ஆம் ஆண்டின் யுஜிசி சட்டப்படி, இங்கே பட்டம் தரும் உரிமை பல்கலைக்கழகங்களுக்கும், நாடாளுமன்றம் தனியே அதிகாரம் கொடுத்த நிறுவனங்களுக்கும்தான். 'வெளிநாட்டு இணைப்பு' என்றால், இணைப்பு இந்த ஆண்டும் நடப்பில் இருக்கிறதா என்று அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கே மின்னஞ்சல் போடுங்கள்.

என் யோசனை: தம்பி ஒரு வருடம் எடுத்துக்கொள்ளட்டும். ஊரில் ஏதாவது ஒரு பட்டப்படிப்பில் சேர்ந்துகொண்டே ஹார்மனியும் (ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்க வைக்கும் முறை) கவுண்டர்பாயின்ட்டும் (பல மெட்டுகளை ஒரே நேரத்தில் நகர்த்தும் முறை) ஒரு நல்ல ஆசிரியரிடம் படிக்கட்டும். மூன்று சின்னப் படைப்புகள், மனிதர்கள் வாசித்த பதிவோடு, வரும் செப்டம்பருக்குள் தயாராகட்டும். உதவித்தொகை கேட்கவும் அந்தப் பக்கங்கள்தான் உதவும்.

முன்பணமாக ஏற்கெனவே ஏதாவது கொடுத்துவிட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. கொடுத்திருந்தால் இன்றே ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் அனுப்பித் திருப்பிக் கேளுங்கள். ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், வங்கிப் பரிமாற்ற விவரம் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம், வக்கீல் இல்லாமலேயே.