கேம் வாங்கியாச்சு, உள்ளே போக முடியவில்லை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நண்பர்களோடு சேர்ந்து ஆடலாம் என்று ஆசைப்பட்டு ஒரு ஆன்லைன் கேம் வாங்கினேன். அளவு 80 ஜிபி. என் இணைப்பு 100 எம்பிபிஎஸ். என் கணக்குப்படி கால் மணி நேரத்தில் இறங்கியிருக்க வேண்டும். ஒரு மணி நேரமாகியும் பாதிதான் வந்தது. அப்புறம் வேகம் 0 என்று காட்டி அப்படியே நின்றுவிட்டது. கோபத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போட்டேன். மறுபடியும் அதே கதை. ஒருவழியாக முடிந்து திறந்தால், 'ஷேடர்' என்று எதையோ தயார் செய்கிறதாம், அது 40 சதவீதத்தில் நிற்கிறது. அதற்குள் நண்பர்கள் ஆடி முடித்துத் தூங்கப் போய்விட்டார்கள். என் கணினியில் ஏதாவது கோளாறா சார்? – ஒரு கல்லூரி மாணவர்

பதில்: தம்பி, உங்கள் கணினி நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் எழுதியதைப் படித்தவரை அது தன் வேலையைச் சரியாகவே செய்துகொண்டிருந்தது. என்ன செய்கிறேன் என்று உங்களுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். இந்தப் பகுதிக்கு வரும் கேம் கடிதங்களில் பெரும்பாலானவை இதே இடத்தில்தான் முடிகின்றன: "அழித்துவிட்டு மறுபடி போட்டேன்". அந்த ஒரு வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். பாதி வந்த பொருளைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி வரிசையில் நிற்கிறீர்களே!

முதலில் வேகக் கணக்கு. இணைப்பு தருபவர்கள் சொல்லும் 100 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு 100 மெகாபிட். கேமின் அளவோ பைட் கணக்கில் இருக்கிறது. 8 பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆக உங்களுக்கு நொடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட்தான் வரும். 80 ஜிபியை அதால் வகுத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மணி நேரம். அதுவும் வேறு யாரும் அந்த இணைப்பைத் தொடாமல், வைஃபை பலவீனமாக இல்லாமல் இருந்தால்தான். ஒரு மணி நேரத்தில் பாதி என்றால் உங்களுக்கு வந்தது நல்ல வேகம்.

அடுத்து அந்தப் பூஜ்யம். கேம் அப்படியே முழு உருவில் வருவதில்லை, சுருக்கிக் கட்டப்பட்ட துண்டுகளாக வருகிறது. ஒவ்வொரு துண்டையும் பிராசஸர் பிரிக்க வேண்டும், பிரித்ததை டிஸ்க்கில் எழுத வேண்டும். பிரிப்பதும் எழுதுவதும் பின்தங்கினால், "போதும், கொஞ்சம் நில்" என்று லாஞ்சர், அதாவது கேமை இறக்கித் திறந்து தரும் மென்பொருள், டவுன்லோடை நிறுத்தி வைக்கும். அப்போது இணைய வேகம் 0 ஆகும். பழைய சுழலும் ஹார்டு டிஸ்க் என்றால் இது அடிக்கடி நடக்கும், சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டியில் குறைவு. கேம் விற்கும் கடையும் லாஞ்சருமான ஸ்டீமில் டவுன்லோடு பக்கத்தைத் திறந்தால் நெட்வொர்க், டிஸ்க் இரண்டையும் தனித்தனியே காட்டும். நெட்வொர்க் படுத்திருக்க, டிஸ்க் ஓடிக்கொண்டிருந்தால் எல்லாம் சரியாக நடக்கிறது என்று அர்த்தம்.

நான் முன்பு வைத்திருந்த மேசைக் கணினியின் முகப்பில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு உண்டு. டிஸ்க் வேலை செய்யும்போதெல்லாம் படபடவென்று சிமிட்டும். திரையில் சதவீதம் அசையாமல் நின்றாலும் அந்த விளக்கு சிமிட்டுகிறதா என்று பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவேன். இப்போது வரும் பல லேப்டாப்களில் அந்த விளக்கே கிடையாது. அது பெரிய இழப்பு என்று மனதாரச் சொல்கிறேன். அதற்குப் பதிலாக கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். சிபியு, டிஸ்க், நெட்வொர்க் மூன்றில் ஒன்றாவது உழைத்துக்கொண்டிருந்தால் கை வைக்காதீர்கள். மூன்றும் வெகுநேரம் சும்மா கிடந்தால் மட்டும் டவுன்லோடை நிறுத்தி மறுபடி தொடரச் சொல்லுங்கள். நகரவில்லையா, லாஞ்சரை முழுவதும் மூடித் திறங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஸ்டீமில் எந்தப் பகுதியிலிருந்து டவுன்லோடு ஆக வேண்டும் என்பதை மாற்றும் வசதியும் செட்டிங்ஸில் இருக்கிறது, பல நேரம் அதுவே போதும். கோப்பு கெட்டிருக்குமோ என்று சந்தேகம் வந்தால், கோப்புகளைச் சரிபார்க்கும் வசதி அநேகமாக எல்லா லாஞ்சரிலும் உண்டு. கெட்டதை மட்டும் கண்டுபிடித்து அதை மட்டும் மறுபடி இறக்கும். அழிப்பது இத்தனைக்கும் பிறகுதான்.

கடைசியாக ஷேடர். வெளிச்சம், நிழல், தண்ணீரின் பளபளப்பு இதையெல்லாம் வரைவதற்குக் கேமுக்குள் ஆயிரக்கணக்கான குட்டி நிரல்கள் இருக்கின்றன. அவைதான் ஷேடர்கள். உங்களிடம் உள்ள கிராபிக்ஸ் கார்டுக்கும், அதை இயக்கும் மென்பொருளான டிரைவருக்கும் ஏற்றபடி அவற்றை மாற்றியாக வேண்டும். பிளேஸ்டேஷன் மாதிரி கன்சோலில் எல்லோருக்கும் ஒரே வன்பொருள் என்பதால் தயாரிப்பாளரே மாற்றி அனுப்பிவிடலாம். கணினியில் ஆளுக்கொரு கார்டு, ஆளுக்கொரு டிரைவர் என்பதால் அந்த வேலை உங்கள் வீட்டில் நடக்கிறது. சில ஷேடர்கள் பெரியவை, அங்கே சதவீதம் நின்று நின்றுதான் நகரும். பாதியில் விட்டுவிட்டு உள்ளே போனால், ஆட்டத்தின் நடுவே திரை திக்கித் திக்கி ஓடும். லேப்டாப் என்றால் சார்ஜரைச் சொருகிவிட்டுக் காத்திருங்கள், பேட்டரியில் பிராசஸர் வேகம் குறையும்.

இதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. கிராபிக்ஸ் டிரைவரை அப்டேட் செய்தால் தயாரான ஷேடர்கள் பயனற்றுப் போய், பெரும்பாலும் மறுபடி முதலிலிருந்து தயாராகும். ஆகவே டிரைவர் அப்டேட் இருந்தால் முதலில் அதை முடித்துவிட்டு அப்புறம் கேமைத் திறங்கள். வரிசை மாறினால் அதே காத்திருப்பு இன்னொரு முறை.

கேள்வி: என் மகள் வாங்கிய கேம் 'செக்யூர் பூட்டை ஆன் செய்யவும்' என்று சொல்லித் திறக்க மறுக்கிறது. பயாஸுக்குள் போய் மாற்ற வேண்டும் என்கிறாள். அதே கணினியில்தான் என் அலுவலகக் கோப்புகளும் இருக்கின்றன. விளையாட்டுக்காக இதையெல்லாம் தொடலாமா? – ஒரு தாய்

பதில்: நீங்கள் பயப்படுவது நியாயம்தான் அம்மா. தொடலாம், ஆனால் வரிசை தப்பாமல் தொட வேண்டும். பயாஸ் என்பது விண்டோஸ் எழும்பும் முன்பே ஓடும், கணினியின் அடிப்படை அமைப்புகளை வைத்திருக்கும் மென்பொருள்.

ஆன்லைன் போட்டி கேம்களில் ஏமாற்று மென்பொருள் பெரிய தலைவலி. சுவருக்குப் பின்னால் இருப்பவரைக் காட்டுவது, தானாகக் குறிபார்ப்பது என்று பல ரகம் உண்டு. அதைப் பிடிக்கத்தான் ஆன்டி-சீட் என்ற காவல் மென்பொருள் வருகிறது. ஏமாற்றுபவர்கள் விண்டோஸின் அடித்தளம் வரை இறங்குவதால் காவலும் அங்கேயே இறங்குகிறது. 2020இல் வெளியான வாலரன்ட் கேமோடு வந்த வேன்கார்டு என்ற ஆன்டி-சீட், கணினி ஆன் ஆகும்போதே ஓடத் தொடங்கும் ரகம். விண்டோஸ் 11இல் அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, செக்யூர் பூட் இரண்டையும் கேட்கிறது. 2025இல் வந்த பேட்டில்ஃபீல்டு 6 செக்யூர் பூட் இல்லாமல் திறக்காது. கணினி ஆன் ஆகும் நேரத்தில் டிஜிட்டல் கையெழுத்துச் சரிபார்க்கப்படாத எந்த மென்பொருளும் நுழையக் கூடாது என்பதுதான் செக்யூர் பூட்டின் வேலை. அது கேமுக்காக உருவானதல்ல, பொதுவாகவே கணினிக்கு நல்லது.

எதையும் மாற்றும் முன் மூன்று காரியம். முதலில் அலுவலகக் கோப்புகளை வெளியே ஒரு டிஸ்க்கில் நகல் எடுங்கள். அடுத்து, டிஸ்க்கில் இருப்பதைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் அல்லது சாதனக் குறியாக்கம் கணினியில் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆன் என்றால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கண்டுபிடித்துக் காகிதத்தில் எழுதி வையுங்கள். வீட்டுக் கணினி என்றால் அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். பயாஸில் கை வைத்த பிறகு விண்டோஸ் அந்தச் சாவியைக் கேட்கலாம். அப்போது இல்லையென்றால் உங்கள் கோப்புகளை நீங்களே திறக்க முடியாது. இந்த ஒரு படியை மட்டும் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். மூன்றாவதாக, ஸ்டார்ட் மெனுவில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று தேடித் திறந்து, 'பயாஸ் மோடு' என்ற வரியைப் பாருங்கள்.

அங்கே யுஇஎஃப்ஐ (புதிய முறை) என்று இருந்தால் பாதி வேலை முடிந்தது. பயாஸில் செக்யூர் பூட்டை ஆன் செய்தால் போதும். லெகசி (பழைய முறை) என்று இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். டிஸ்க் அநேகமாக எம்பிஆர் என்ற பழைய அமைப்பில் இருக்கும். அதை ஜிபிடி அமைப்புக்கு மாற்றாமல் பயாஸை மட்டும் மாற்றினால் விண்டோஸே எழும்பாது. மாற்ற விண்டோஸிலேயே 'எம்பிஆர்2ஜிபிடி' என்ற கருவி இருக்கிறது. ஆனாலும் விவரம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். அந்தக் கணினி அலுவலகம் கொடுத்ததென்றால், அவர்கள் அனுமதி இல்லாமல் எதையும் தொட வேண்டாம்.

இத்தனையையும் பணம் கட்டிய பிறகுதான் ஒரு தாய் தெரிந்துகொள்கிறார் என்பது எனக்கு உறுத்தலாக இருக்கிறது. விண்டோஸின் அடித்தளமான கெர்னல் அளவில் இறங்கும் ஆன்டி-சீட் இருந்தால் கடைப் பக்கத்திலேயே சொல்லியாக வேண்டும் என்று ஸ்டீம் 2024இல் விதி கொண்டுவந்தது. நல்ல விதி. செக்யூர் பூட் வேண்டும் என்பதையும் விலைக்குப் பக்கத்திலேயே அதே பெரிய எழுத்தில் போட வேண்டும் என்பது என் கருத்து.

கேள்வி: கேம் வெளியான அன்றே எல்லாம் தயாராக வைத்திருந்தேன். 'உங்களுக்கு முன்னால் 9,000 பேர்' என்று வந்தது. கடவுச்சொல்லை மாற்றிப் பார்த்தேன், ரவுட்டரை அணைத்துப் போட்டேன். ஒன்றும் பலிக்கவில்லை.

பதில்: பலிக்காது, ஏனென்றால் நெரிசல் உங்கள் பக்கம் இல்லை. முதல் நாள் நெரிசல் இந்தத் துறையில் பழைய நோய். 2012 மே 15 அன்று டையாப்லோ 3 வெளியானபோது உலகம் முழுக்க 'எரர் 37' என்ற செய்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2021 டிசம்பரில் ஃபைனல் ஃபேன்டசி 14இன் எண்ட்வாக்கர் என்ற விரிவாக்கம் வந்தபோது நெரிசல் தாங்காமல், அந்தக் கேமின் விற்பனையையே நிறுவனம் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தது. ஏற்கெனவே சந்தா கட்டியவர்களுக்கு இலவச நாட்களும் தந்தது. வந்தவர்களுக்கு முதலில் இடம் கொடுப்போம், அப்புறம் விற்போம் என்ற அந்த முடிவை நான் இன்றும் மதிக்கிறேன்.

வரிசையில் இருக்கும்போது கேமை மூடாதீர்கள், கணினியைத் தூங்க விடாதீர்கள், ரவுட்டரைத் தொடாதீர்கள். தொடர்பு அறுந்தால் பல கேம்களில் வரிசையின் கடைசிக்குப் போய்விடுவீர்கள். கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பத் தப்பாகப் போட்டால் கணக்கே பூட்டிக்கொள்ளும். கணக்கு தொடங்குவது, மின்னஞ்சலை உறுதிசெய்வது, இரட்டைச் சரிபார்ப்பு போடுவது எல்லாவற்றையும் முந்தைய நாளே முடித்துவிடுங்கள். அன்றைக்கு உறுதிக் குறியீடு மின்னஞ்சலில் வரவே நேரம் பிடிக்கலாம்.

கேள்வி: 'எம்எஸ்விசிபி140.டிஎல்எல் காணவில்லை' என்று வருகிறது. ஒரு தளத்தில் அந்தக் கோப்பு மட்டும் இலவசமாகக் கிடைக்கிறது. போடலாமா?

பதில்: கூடவே கூடாது. டிஎல்எல் என்பது பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் துணைக் கோப்பு. தனி டிஎல்எல் தரும் தளங்களில் எது வைரஸோடு வருகிறது என்று உங்களால் சொல்ல முடியாது. அந்தக் கோப்பு அடங்கிய 'விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிப்யூட்டபிள்' என்ற தொகுப்பு மைக்ரோசாஃப்ட்டின் சொந்தத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். எக்ஸ்64 (64 பிட்), எக்ஸ்86 (32 பிட்) இரண்டு வகையையும் போட்டு, கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

கேள்வி: ஸ்டீமில் வாங்கிய கேம் ஒன்று எவ்வளவு முயன்றும் ஓடவில்லை. பணத்தைத் திரும்பக் கேட்டால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆடிவிட்டதாகக் காட்டுகிறது. நான் ஒரு நிமிடம்கூட ஆடவில்லையே!

பதில்: வாங்கி 14 நாட்களுக்குள், ஆடிய நேரம் 2 மணிக்குக் குறைவாக இருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும் என்பதுதான் ஸ்டீமின் பொது விதி. உங்கள் கேம் முதலில் தன் சொந்த லாஞ்சர் ஒன்றைத் திறந்து, மீதிக் கோப்புகளை அதற்குள் இறக்கியிருக்கும். அந்த லாஞ்சர் திறந்திருக்கும் நேரத்தையும் ஸ்டீம் ஆடிய நேரமாக எண்ணிவிடும். ஆனாலும் மனம் விடாதீர்கள். வரம்பைத் தாண்டிய கோரிக்கையையும் அனுப்பலாம், பார்ப்போம் என்று அந்த விதியிலேயே சொல்லியிருக்கிறார்கள். என்ன பிழைச் செய்தி வந்தது, நேரம் லாஞ்சரில்தான் போனது என்பதை இரண்டு வரியில் எழுதி அனுப்புங்கள். இனி இப்படிப்பட்ட கேம் வாங்கினால், பெரிய டவுன்லோடு ஓடும்போது ஸ்டீமில் அந்தக் கேமுக்கு நேராக ஆடிய நேரம் எத்தனை நிமிடம் ஏறியிருக்கிறது என்று அவ்வப்போது பாருங்கள். ஒரு மணி நேரம் தாண்டியும் கேம் திறக்கவில்லை என்றால், மீதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் பணத்தைத் திரும்பக் கேட்டுவிடுங்கள்.