வேண்டாத ஊரை என்ன செய்வது?

கேள்வி: ஓய்வு நேரத்தில் கணினியில் சிவிலைசேஷன் 5 என்கிற பேரரசு கட்டும் விளையாட்டை ஆடுகிறவன் நான். நாற்பது சுற்றுகளுக்குள், கணினி ஆட்டுவிக்கும் ஆஸ்டெக் அரசன் மான்டெசுமாவிடமிருந்து ஏழு ஊர்களைப் பிடித்துவிட்டேன். தலைநகர் டெனோச்டிட்லான், ஆற்றங்கரையில் நல்ல ஊர் ஒன்று, பட்டு கிடைக்கும் ஊர் ஒன்று (என்னிடம் வேறு பட்டு இல்லை). மற்ற நான்கும் காட்டுக்குள் கிடக்கும் சிற்றூர்கள். அவற்றில் ஒன்றை மான்டெசுமா இன்னொரு நாடான சியாமிடமிருந்து பிடித்து வைத்திருந்தான். ஏழையும் என் அரசோடு இணைத்துக்கொண்டேன். இப்போது என் மக்களின் மகிழ்ச்சிக் கணக்கு மைனஸ் 14. ஊர்கள் வளரவில்லை, படை அடி வாங்குகிறது. எட்டாவது ஊரின் வாசலில் கவண்பொறிகள் நிற்கின்றன. “வேண்டாத ஊரை எதற்குப் பிடித்தீர்கள்?” என்று மனைவி கேட்கிறார். கொளுத்தவும் மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?
- வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: உங்கள் மனைவி கேட்டதுதான் சரியான கேள்வி. என்ன, முற்றுகைக்கு முந்தின நாள் கேட்டிருக்க வேண்டும்.

ஊர் விழுந்ததும் ஆட்டம் மூன்று வழி காட்டுகிறது: இணைப்பது, தன்னைத் தானே நிர்வகிக்கும் கைப்பாவையாக விட்டுவைப்பது, தரைமட்டமாக்குவது. ஏழு முறையும் நீங்கள் முதல் பொத்தானையே அழுத்தியிருக்கிறீர்கள். ஊருக்குள் எதைக் கட்டுவது என்று நாமே உத்தரவு போட வேண்டும் என்கிற ஆசைதானே? நானும் அதில்தான் கெட்டேன். பனிக்காட்டில் மூன்றே குடி இருந்த ஓர் ஊரை இணைத்து, இணைப்பால் வரும் கூடுதல் அதிருப்தியைப் போக்க நீதிமன்றம் கட்டச் சொன்னேன். நீதிமன்றத்துக்கு 100 உற்பத்தி வேண்டும். அந்த ஊரால் முடிந்ததோ சுற்றுக்கு 2. ஐம்பது சுற்றுகள்! கட்டி முடித்த பிறகும் பராமரிப்புக்குச் சுற்றுக்கு 4 தங்கம் அழுதேன். அந்த ஊர் எனக்குத் திருப்பித் தந்தது எதுவும் நினைவில் இல்லை.

கணக்கை ஒரு காகிதத்தில் போட்டுப் பாருங்கள். சாதாரண அளவு வரைபடத்தில் ஊர் ஒன்றுக்கு 3, அதில் வாழும் குடி ஒன்றுக்கு 1 என மகிழ்ச்சி குறைகிறது. ஆறு குடி உள்ள கைப்பாவை ஊருக்கு 9 போய்விடும். நீதிமன்றம் இல்லாமல் இணைத்த ஊருக்கு அதைவிட அதிகம். பட்டு போல உங்களிடம் இல்லாத ஆடம்பரப் பொருள் ஒன்று கிடைத்தால் வருவது 4. அதாவது பட்டு ஊர்கூடத் தன் செலவை முழுதாக ஈடுகட்டுவதில்லை, பாதியைத்தான் குறைக்கிறது. பட்டும் இல்லாத காட்டு ஊர் எதற்கு?

கைப்பாவை ஊர் உங்கள் பேச்சைக் கேட்காது. படை திரட்டாது, தங்கத்தின் மேலேயே கண்ணாக இருக்கும். அறிவியலும் பண்பாடும் சற்றுக் குறைவாகத்தான் வரும். ஆனால் பண்பாட்டைச் சேர்த்து வாங்கும் சமூகக் கொள்கைகளின் விலையை அது ஏற்றுவதில்லை, நீதிமன்றமும் கேட்பதில்லை. பிறகு எப்போது வேண்டுமானாலும் அதை இணைத்துக்கொள்ளலாம். இணைத்ததை மறுபடி கைப்பாவையாக்க முடியாது. இதை அறியாமல்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள்.

பெங்களூரில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்கள் என்பதுதான் வேடிக்கை. கே.ஆர். மார்க்கெட் பக்கம் போனால் மிச்சமிருக்கும் கோட்டைத் துண்டைப் பாருங்கள். 1638-இல் பீஜப்பூர் படை கெம்பே கௌடர்களிடமிருந்து பிடித்த ஊர் இது. பீஜப்பூரின் தளபதி ஷாஹாஜிக்கு ஜாகீராகப் போனது. அவர் மகன் ஏகோஜி தஞ்சாவூரில் ஆட்சியைப் பிடித்த பிறகு, அங்கிருந்து இதைக் கட்டி மேய்க்க முடியாமல் மைசூருக்கு விற்கப் பேசினார். பேச்சு நடக்கையிலேயே, 1687-இல், முகலாயர்கள் புகுந்து பிடித்தார்கள். அவர்களுக்கும் வேண்டியிருக்கவில்லை. அதே மைசூரின் மன்னர் சிக்கதேவராஜரிடம் 3 லட்சம் ரூபாய்க்குத் தள்ளிவிட்டார்கள். பின்னால் வந்த ஆங்கிலேயர்கள் உங்கள் மூன்று பொத்தான்களில் இரண்டை அழுத்திப் பார்த்தார்கள்: 1799-இல் திப்பு வீழ்ந்ததும் ஐந்து வயதுப் பிள்ளையை மைசூர் அரியணையில் உட்காரவைத்தார்கள், 1831-இல் நிர்வாகத்தைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். 1881-இல் உடையார்களிடமே திருப்பிக் கொடுத்தார்கள். உங்கள் அல்சூர் இருக்கும் தண்டுப் பகுதியை (கன்டோன்மென்ட்) மட்டும் 1947 வரை விடவில்லை.

இனி உங்கள் ஏழு ஊர்கள். டெனோச்டிட்லானைத் தரைமட்டமாக்க ஆட்டமே விடாது, மூலத் தலைநகர்களுக்கு அந்தப் பாதுகாப்பு உண்டு. ஊர் விழுந்ததும் எழும் கிளர்ச்சி ஓய்ந்திருந்தால் முதலில் அங்கே நீதிமன்றத்தைத் தங்கம் கொடுத்தே வாங்கிவிடுங்கள். அடுத்து ஆற்றங்கரை ஊருக்கு, பிறகு பட்டு ஊருக்கு. சியாமின் பழைய ஊரைப் பிடித்த கையோடு விடுவித்திருந்தால் நட்பாவது மிஞ்சியிருக்கும். பரவாயில்லை, சியாமிடமே பேரம் பேசுங்கள். பேரத்தில் ஊரையும் வைக்கலாம், வந்த விலைக்குத் தள்ளுங்கள்.

மீதி மூன்றையும் அழிக்கத்தான் வேண்டும். மனம் வரவில்லை என்கிறீர்கள், புரிகிறது. நானும் முதல் தடவை எழுந்துபோய்க் காபி போட்டுக்கொண்டு வந்தேன். தரைமட்டம் என்பது ஒரே நொடியில் நடப்பதல்ல, சுற்றுக்கு ஒரு குடியாகக் குறையும். நடுவில் நிறுத்திக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் சிறிதாக்கி வைத்துக்கொள்ள ஆசையென்றால் அதுவும் நடக்கும்.

சிவிலைசேஷன் 6-க்கு மாறலாமா என்று யோசிக்காதீர்கள். அங்கே கைப்பாவையே கிடையாது. 2018-இல் வந்த விரிவாக்கத்திலிருந்து விசுவாசம் என்றொரு கணக்கு வேறு. அது குறைந்தால் தூரத்து ஊர்கள் தாமாகவே பிரிந்து போய்விடும்.

எட்டாவது ஊர்? கவண்பொறிகளைத் திருப்பி அழைத்துக்கொள்ளுங்கள். சமாதானப் பேச்சில் மான்டெசுமாவிடம் தங்கம் கேளுங்கள். தங்கத்துக்குப் பதிலாக அவன் ஓர் ஊரை நீட்டுவான். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.