இலங்கை ஹட்டன் பக்கம் பாம்பு ஒன்றும் கண்ணில் படவில்லை என்றவருக்கு

ஒக்டோபரில் மூன்று நாள் மத்தியானத்தில் தேயிலை மலையில் பாம்பு தேடி நடந்தும் ஒன்றும் தென்படவில்லை என்று எழுதியிருந்தீர்கள். இடம் சரி, நேரம்தான் பிழை. இந்த மாதங்களில் பின்னேரம் மழை கொட்டும், விடியல் குளிரும். மழை பெய்த மறுநாள், வெயில் ஏறும் 8.30 முதல் 10.30 வரை போங்கள். தேயிலைக்கு நடுவே அலைய வேண்டாம். வடிகான் ஓரம், கல் அணை, மரக்கறித் தோட்டத்து எருக்குவியல் இவற்றின் விளிம்பில் நாலு எட்டு வைத்து, நின்று பாருங்கள். விடாமல் நடந்தால் உங்கள் காலடி அதிர்விலேயே பாம்பு ஒளிந்துவிடும்.

கல்லைக் கையால் தூக்காதீர்கள். கொக்கித் தடியால் எதிர்ப்பக்க விளிம்பை உங்கள் பக்கம் சாய்த்தால், கல்லே உங்களுக்கும் பாம்புக்கும் நடுவில் மறைப்பாக நிற்கும். அடியில் மினுங்கும் பழுப்பில், ஒரு சாண் நீளத்தில், மண்ணுக்குள் நழுவுவது பெரும்பாலும் மண்புழு தின்னும் சாதுவான பாம்பு. இலங்கை மலைகளுக்கே உரிய இனம். ஆனாலும் தொடாமல் பாருங்கள். கல்லை இருந்தபடியே வையுங்கள். ஈரம் காய்ந்தால் அந்த இடம் அதற்கு உதவாது.

கவனம் முழுவதும் சருகில் இருக்கட்டும். முக்கோணத் தலை, மேல்நோக்கி வளைந்த மூக்கு நுனி, சருகு நிறத்தில் சுருண்ட உடல்: கூன்மூக்கு விரியன். ஆள் வந்தாலும் அசையாது, மிதித்தாலோ கை பட்டாலோ கடிக்கும். ஆஸ்பத்திரியில் வழக்கமாகக் கொடுக்கும் விஷமுறிவு மருந்து இதன் விஷத்துக்குப் பயன்படாது, சிறுநீரகம் பழுதாகலாம். ஆகவே கம் பூட்ஸ் கட்டாயம், இரண்டு மீற்றர் தள்ளியே நில்லுங்கள். கடித்தால் இறுக்கிக் கட்டவோ கீறவோ வேண்டாம். காலை அசைக்காமல் 1990 அம்பியூலன்சுக்கு அழையுங்கள்.