டிவியில் லேப்டாப் படம் கலைகிறதா? கேபிளை அப்புறம் வாங்கலாம்

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு டீச்சர் எழுதியிருக்கிறார்:

"அண்ணாச்சி, வீட்டு ஹாலில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். லேப்டாப்பை எச்டிஎம்ஐ கேபிளில் 32 இன்ச் டிவியோடு மாட்டினால் படம் வருகிறது. ஆனால் நாலு ஓரமும் வெட்டுப்படுகிறது, கீழே டாஸ்க்பார் பாதிதான் தெரிகிறது. எழுத்தெல்லாம் மங்கல். நீலத்தின் மேல் சிவப்பு எழுத்து போட்டால் சாயம் ஊறின மாதிரி கலைகிறது. நடுநடுவே வெள்ளைப் புள்ளி மின்னி, படம் ஒரு நொடி கறுத்துப்போய்த் திரும்பி வருகிறது. பழைய டெஸ்க்டாப்பை விஜிஏ கேபிளில் மாட்டினாலோ மங்கலான பட்டைகள் குறுக்கே ஓடுகின்றன. கடையில் 2,000 ரூபாய் கேபிள் ஒன்று வாங்கச் சொன்னார்கள். வாங்கட்டுமா?"

வேண்டாம் டீச்சர். நீங்கள் ஒரு கோளாறு என்று நினைத்து எழுதியிருப்பது ஐந்து கோளாறு. அதில் ஒன்றே ஒன்றுதான் எச்டிஎம்ஐ கேபிள் சம்பந்தப்பட்டது. படம் எப்படிக் கெடுகிறது என்று உற்றுப் பார்த்தாலே குற்றவாளி யாரென்று பாதி தெரிந்துவிடும். பையப் பையப் போவோம்.

முதலில் ஓரம் வெட்டுப்படுவது. இது பழைய டப்பா டிவி காலத்துப் பழக்கம். 2006-லிருந்து அரசு வீடு வீடாகக் கொடுத்த 14 இன்ச் டிவி ஞாபகம் இருக்கிறதா? அந்த மாதிரி பிக்சர் டியூபில் படத்தின் ஓரம் ஒழுங்காக நிற்காது, கரண்ட் ஏறி இறங்கினால் படமும் சுருங்கி விரியும். அதை மறைக்க, படத்தையே கொஞ்சம் பெரிதாக்கி ஓரத்தைச் சட்டத்துக்குப் பின்னால் தள்ளிவிட்டார்கள். ஓவர்ஸ்கேன் என்பது இதுதான். தட்டை டிவிக்கு இது தேவையே இல்லை, ஆனாலும் பல டிவிகள் இன்னும் அப்படியே செய்கின்றன. மேலும் கீழும் நூற்றுக்கு இரண்டரை பங்கு போனாலே, படத்தில் மேலிருந்து கீழாக உள்ள 1080 புள்ளி வரியில் பக்கத்துக்கு 27 வரி போச்சு. விண்டோஸ் 10-இன் டாஸ்க்பார் உயரமே 40 வரிதான். பாதி காணாமல் போனதன் கணக்கு இதுதான்.

சரிசெய்ய டிவி ரிமோட்டை எடுங்கள், லேப்டாப்பை அல்ல. பிக்சர் மெனுவில் படத்தின் அளவு அல்லது ஆஸ்பெக்ட் ரேஷியோ என்கிற இடத்துக்குப் போங்கள். எல்ஜியில் 'ஜஸ்ட் ஸ்கேன்', சாம்சங்கில் 'ஸ்க்ரீன் ஃபிட்' அல்லது 'ஃபிட் டு ஸ்க்ரீன்', சோனியில் 'ஃபுல் பிக்சல்' என்று இருக்கும். ஆளுக்கொரு பெயர், வேலை ஒன்றுதான். லேப்டாப்பிலேயே படத்தைச் சுருக்கி ஓரத்தைக் காட்டவும் வழி உண்டு. கிராஃபிக்ஸ் மென்பொருளில் அதற்கு ஒரு நகர்த்தி இருக்கும். நிறையப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் லேப்டாப் சுருக்க, டிவி அதை மறுபடி இழுக்க, எழுத்து இரண்டு தடவை அடிபடும். டிவியில் அந்த வசதி கிடையவே கிடையாது என்று உறுதியானால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

அடுத்தது மங்கல். உங்கள் டிவி வந்த அட்டைப்பெட்டியில் 'எச்டி ரெடி' என்று போட்டிருக்கிறதா பாருங்கள். 32 இன்ச்சில் மலிவானவை பெரும்பாலும் அப்படித்தான். அதன் திரையில் இருப்பது 1366 × 768 புள்ளி. லேப்டாப் அனுப்புவதோ 1920 × 1080 ஆக இருக்கலாம். 21 புள்ளிக் கோலத்தை 15 புள்ளியில் அடக்கிப் போடச் சொன்னால் என்ன ஆகும்? கோலம் வந்துவிடும், ஆனால் கோடு புள்ளியில் உட்காராது. இங்கேயும் கிட்டத்தட்ட அதே விகிதம்தான். சினிமாவில் இது கண்ணுக்குப் படாது. அல்ஜீப்ராவில் எக்ஸின் தலையில் இருக்கும் சின்ன 2 மட்டும் கரைந்துபோகும்.

இதில் ஒரு வேடிக்கை. கேபிளை மாட்டியதும் டிவி தனக்கு என்னென்ன அளவு தெரியும் என்று லேப்டாப்பிடம் ஒரு பட்டியல் கொடுக்கும். 768 வரித் திரையை வைத்துக்கொண்டு "1080-உம் வாங்கிக்கொள்வேன்" என்று சொல்கிற டிவிகள் ஏராளம். வாங்கிக்கொள்ளும், உண்மைதான். காட்டத்தான் முடியாது. லேப்டாப் அதை நம்பிப் பெரிய படத்தை அனுப்பிவிடும்.

ஆகவே விண்டோஸ் பட்டனோடு 'பி' எழுத்தைச் சேர்த்து அழுத்தி, 'செகண்ட் ஸ்க்ரீன் ஒன்லி' கொடுங்கள். லேப்டாப் திரையும் வேண்டுமென்றால் 'எக்ஸ்டெண்ட்'. 'டூப்ளிகேட்' போட்டால் இரண்டு திரைக்கும் பொதுவான ஒரு அளவைத் தேடிப் பிடிக்கும், பல நேரம் அது டிவிக்குப் பொருந்தாது. முகம் அகன்றோ சப்பையாகவோ தெரிந்தாலும் முதல் சந்தேகம் அதன் மேல்தான். பிறகு டிஸ்ப்ளே செட்டிங்ஸில் டிவியைத் தேர்ந்தெடுத்து 1366 × 768 இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதுதான். இல்லாவிட்டால் 1280 × 720. அதுவும் திருப்தியாக இல்லையென்றால் 1080-இலேயே விட்டுவிட்டு எழுத்தின் அளவை 150 சதவீதம் ஆக்குங்கள். கடைசி பெஞ்சுப் பிள்ளைக்கும் தெரியும். உங்களுடையது 'ஃபுல் எச்டி' டிவி என்றால் 1920 × 1080 தவிர வேறெதையும் தொடாதீர்கள்.

சிவப்பு எழுத்து கலைவது தனிக் கதை. வெளிச்சத்தில் இருக்கும் நுணுக்கத்தைப் பிடிக்கிற அளவுக்கு, நிறத்தில் இருக்கும் நுணுக்கத்தை நம் கண் பிடிக்காது. அதனால் வீடியோவில் வெளிச்சத்தை முழுசாக வைத்துக்கொண்டு நிறத்தைப் பாதியாகக் குறைத்துவிடுவது வழக்கம். படத்துக்கு அது போதும், எழுத்துக்குப் போதாது. உங்கள் டிவி, கேபிளில் வருவது சினிமா என்றே நினைத்துக்கொண்டிருக்கிறது. கம்ப்யூட்டர் என்று நீங்கள்தான் அதற்குச் சொல்ல வேண்டும். இன்புட் பட்டியலில் அந்த எச்டிஎம்ஐ துளையின் பெயரை 'பிசி' என்று மாற்றுங்கள். பெயர் மாற்றினால் படம் மாறுமா என்று சிரிக்காதீர்கள், சாம்சங், எல்ஜி டிவிகளில் நிஜமாகவே மாறும். லேப்டாப்பின் கிராஃபிக்ஸ் செட்டிங்கில் நிற வகையை ஆர்ஜிபி அல்லது 4:4:4 என்று வையுங்கள், இரண்டுமே நிறத்தைக் குறைக்காமல் அனுப்புகிற வகை.

அப்படியே டிவியின் ஷார்ப்னெஸ்ஸையும் குறையுங்கள். அதைக் கூட்டினால் எழுத்து தெளியும் என்றுதான் எல்லாரும் ஏற்றி வைத்திருப்பார்கள். உண்மையில் அது எழுத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு கரை கட்டுகிறது, அவ்வளவுதான். பெரும்பாலான டிவியில் பூஜ்யத்துக்குப் பக்கத்திலும், சிலவற்றில் நடு எண்ணிலும் அந்தக் கரை மறையும். எங்கே மறைகிறதோ அங்கே நிறுத்துங்கள்.

இப்போது கேபிளுக்கு வருவோம். எச்டிஎம்ஐ வழியாகப் போவது வெறும் ஒன்றும் பூஜ்யமும். கேபிள் சுமார் என்பதற்காக எழுத்து மங்காது, நிறம் வெளுக்காது. ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் முழுப் படம், சேராத இடத்தில் மின்னும் புள்ளி, ரொம்ப மோசமானால் கறுப்புத் திரை. தங்க முலாம் பூசினால் படம் தெளியும் என்று யாராவது சொன்னால், சவத்தை விடுங்க என்று வந்துவிடுங்கள்.

உங்கள் டிவியில் புள்ளி மின்னுவதால் கேபிளையும் அதன் இரண்டு முனைகளையும் சந்தேகப்படலாம். சோதிக்கக் காசு வேண்டாம். படத்தை 1280 × 720-க்கு இறக்குங்கள். 1080-க்குக் கேபிளில் 148.5 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் புள்ளிகள் ஓட வேண்டும், 720-க்கு அதில் சரிபாதி போதும். இறக்கியதும் புள்ளி மின்னுவது நின்றால் கேபிளோ துளையோ திணறுகிறது என்று பொருள். டிவியின் அடுத்த எச்டிஎம்ஐ துளையில் மாட்டிப் பாருங்கள். அங்கேயும் அப்படியேதான் என்றால் கேபிளை மாற்றலாம். 'ஹை ஸ்பீடு' என்று போட்ட, ஒன்றரை இரண்டு மீட்டர் நீளமுள்ள சாதாரணக் கேபிள் போதும். ஹாலைச் சுற்றிக் கொண்டுவர வேண்டுமென்று பத்து மீட்டர் வாங்கினால் இதே தொல்லை திரும்ப வரும்.

உவரி, இடிந்தகரைப் பக்கம் இருப்பவர்கள் கேபிளைக் குறை சொல்லுமுன் முனையைப் பாருங்கள். உப்புக்காற்றில் பித்தளையே பச்சை பிடிக்கும் ஊர். டிவியை அணைத்துவிட்டு நாலைந்து தடவை செருகி எடுத்தாலே பல நேரம் சரியாகிவிடும். இன்னொன்று, மோட்டார் சுவிட்ச் போடுகிற நொடியில் மட்டும் படம் கறுத்தால் அது சுவிட்ச் தீப்பொறி கிளப்பும் இடைஞ்சல். மோட்டார் வயரை விட்டு டிவி கேபிளைத் தள்ளிப் போடுங்கள்.

மிச்சமிருப்பது டெஸ்க்டாப்பில் ஓடும் பட்டை. விஜிஏ பழைய அனலாக் முறை, 1987-இல் வந்தது. அதில் ஒன்று பூஜ்யம் கிடையாது, மின்னழுத்தமே படம். எங்கிருந்து கொஞ்சம் கரண்ட் கசிந்து வந்தாலும் அதையும் படமாகக் காட்டிவிடும். டெஸ்க்டாப்புக்கு வீட்டு எர்த். டிவிக்கோ தெருக் கம்பத்திலிருந்து வரும் கேபிள் டிவி வயர் வழியாக வேறொரு எர்த். இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் வித்தியாசம் இருந்தாலே விஜிஏ கேபிளின் உறை வழியாகக் கரண்ட் ஓடும். மின்வாரியத்தின் கரண்ட் நொடிக்கு 50 தடவை துடிக்கிறது, உங்கள் திரை 60 தடவை படம் மாற்றுகிறது. இரண்டும் ஒத்துப்போகாததால் பட்டை ஒரு இடத்தில் நிற்காமல் ஓடுகிறது.

கேபிள் டிவி வயரை டிவியிலிருந்து கழற்றிப் பாருங்கள். செட்டாப் பாக்ஸ் இருந்தால் அதிலிருந்து டிவிக்கு வரும் வயரையும் கழற்றுங்கள். பட்டை போய்விட்டால் விஷயம் புரிந்தது, டியூஷன் நேரத்தில் கழற்றியே வையுங்கள். டிவியையும் டெஸ்க்டாப்பையும் ஒரே மூன்று பின் பெட்டியில் மாட்டுங்கள். பட்டை போய்விடும் என்று எர்த் பின்னை உடைத்துவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். அந்தக் கோட்டித்தனம் மட்டும் வேண்டாம், உயிர்ச் சமாச்சாரம். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் பட்டை வந்தால் அது சதுர அலை இன்வெர்ட்டராக இருக்கலாம், டிவியில் குற்றமில்லை.

கேபிள் முனையைத் தொட்டால் விரலில் சுருக்கென்று இருக்கிறதா? அப்படியானால் எர்த் சரியில்லை, அல்லது லேப்டாப்பின் மூன்று பின் சார்ஜரை இரண்டு பின் அடாப்டர் போட்டுச் செருகியிருக்கிறீர்கள். இந்த நிலையில் எல்லாம் ஆனில் இருக்கும்போது எச்டிஎம்ஐயைச் செருகினால் துளையே எரிந்துபோகலாம். என் மேஜைக்கு அப்படி வந்த போர்டுகள் நிறைய. அணைத்துவிட்டு மாட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி தொடங்குமுன்பே கேபிள் டிவி வயர், எச்டிஎம்ஐ இரண்டையும் உருவிவிடுங்கள்.

கடைசியாக வீட்டுக்கு வெளியே போய் எர்த் குழியைப் பாருங்கள். கரியும் உப்பும் போட்டுப் புதைத்திருந்தாலும் அக்னி நட்சத்திரத்தில் மண் காய்ந்து எர்த் பிடிப்பு விட்டுப்போகும். திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணலில் கேட்கவே வேண்டாம். இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். மறுநாள் சாயங்காலம், பிள்ளைகள் வருமுன் டெஸ்க்டாப்பைப் போட்டுப் பாருங்கள். பட்டை குறைந்திருந்தால் கேபிள் கடைக்காரரை விட்டுவிட்டு ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.