ஆவியானவர் போதிக்கும்போது ஊழியத்துக்கு இறையியல் படிப்பு எதற்கு?

கேட்டவர் 1 யோவான் 2:27-ஐச் சுட்டிக்காட்டியிருக்கிறார். ஆவியானவரின் அபிஷேகம் பெற்றவர்களுக்கு ஒருவரும் போதிக்கவேண்டுவதில்லை என்று அங்கே எழுதியிருக்கும்போது இறையியல் கல்லூரி எதற்கு என்பது அவருடைய கேள்வி. நான் குருவானவர் அல்ல. திருநெல்வேலிப் பக்கம் ஒரு சேகரத்தில் திடப்படுத்தல் வகுப்பு எடுக்கும் சபையார்தான். படிப்பு தேவை என்றே சொல்வேன்.

முதலில் அந்த வசனம். சபையைவிட்டுப் பிரிந்துபோன சிலர், இயேசு மாம்சத்தில் வந்ததை மறுத்துப் புதுப் போதனை பரப்பிவந்தார்கள். அவர்கள் வந்து சொல்லித்தர எதுவும் இல்லை, ஆதிமுதல் கேட்டதில் நிலைத்திருங்கள் என்கிறார் யோவான். அதைச் சொல்வதற்கே அவர் ஐந்து அதிகாரம் எழுதிப் போதிக்கவேண்டியிருந்தது! அப்போஸ்தலர் 18-இல் வரும் அப்பொல்லோ ஆவியில் அனலுள்ளவர், வேதாகமங்களில் வல்லவர். அவரையும் ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் தனியே அழைத்துப்போய்த் தேவனுடைய மார்க்கத்தை இன்னும் திட்டமாய் விளக்கினார்கள். அவருடைய அனலை அது அணைத்துவிடவில்லை.

உண்மையில், சபையில் இறையியல் பேசாதவர் யாருமே இல்லை. துக்க வீட்டில் உட்கார்ந்து ஆறுதல் சொல்பவர் ஒவ்வொருவரும் கடவுள் எப்படிப்பட்டவர் என்று ஏதோ ஒன்றைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். எங்கள் ஊரில் நோயில் பிள்ளையை இழந்த ஒரு தாயிடம், வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் ஒருவர், "உங்கள் விசுவாசம் குறைவுபட்டதால்தான் சுகம் கிடைக்கவில்லை" என்றார். நானும் அங்கே இருந்தேன். அந்தத் தாய் அதன்பிறகு நெடுநாள் ஆலயத்துக்கு வரவில்லை. அந்த மனிதருக்கு ஆர்வமும் ஜெப வாழ்க்கையும் இல்லாமல் இல்லை. ஆனால் பிள்ளைகளையும் உடைமைகளையும் இழந்து தவித்த யோபுவிடம் அவர் நண்பர்கள் பேசிய அதே பேச்சைத்தான் தாமும் பேசுகிறோம் என்று அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. பாடுபடுகிறவன் பாவம் செய்திருக்கவேண்டும் என்று அதிகாரம் அதிகாரமாக வாதாடியவர்களைப் பார்த்துக் கடைசியில் கர்த்தர், "நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை" என்கிறார். பிறவிக்குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இயேசு அந்தக் கணக்கையே ஏற்றுக்கொள்ளவில்லை.

நிசேயா விசுவாசப் பிரமாணம் கிரேக்கத் தத்துவம், நமக்கு எதற்கு என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அலெக்சாந்திரியாவின் மூப்பரான ஆரியுஸ், குமாரனும் ஒரு சிருஷ்டிதான் என்று போதித்தார். 325-இல் நிசேயாவில் கூடிய திருச்சபைச் சங்கம் அதை மறுத்து, குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுள்ளவர் என்று அறிக்கையிட்டது. அந்த அறிக்கைக்காக நின்ற அலெக்சாந்திரியாவின் பேராயர் அத்தனாசியு ஐந்து முறை நாடுகடத்தப்பட்டார். ஆரியுஸ் சொன்னது சரியென்றால், சிலுவையில் பாடுபட்டது கடவுள் அனுப்பிவைத்த வேறொருவர். கடவுளோ தூரத்தில் நிற்கிறார். சபை அறிக்கையிடுவதோ, நம் பாடுகளுக்குள் அவரே வந்தார் என்பதை. பிள்ளையைப் புதைத்த தாயிடம் சொல்வதற்கு இதைவிடப் பெரிய வார்த்தை என்னிடம் இல்லை.

புத்தாண்டு ஆராதனையில் தரும் வாக்குத்தத்த அட்டைகளையும் நினைத்துப்பாருங்கள். எரேமியா 29:11 பலருக்கு மனப்பாடம்: தேவன் நம்மேல் நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவானவை என்கிற வசனம். அதற்கு முந்தைய வசனம் பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறவேண்டும் என்கிறது. வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், சிறையிருக்கும் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று, பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. அதைப் படித்துக் காட்டினால் வாக்குத்தத்தம் சுருங்கிவிடாது; இந்த வருஷம் வேலை கிடைக்காமல் போன பிள்ளைக்கும் அது பொருந்தும்.

தமிழ்ச் சபைக்கு இது புதிதும் அல்ல. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டதோடு நிறுத்தாமல், 1716-இல் உபதேசியார்களையும் ஆசிரியர்களையும் உருவாக்க அங்கே ஒரு பள்ளியைத் தொடங்கினார். 1733-இல் குருப்பட்டம் பெற்ற ஆரோன், அதற்கு முன் உபதேசியாராக ஊழியம் செய்தவர்.

ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பட்டம் பெற்றுவந்து, வயலிலிருந்து வந்து பாயில் உட்கார்ந்திருக்கும் சபைக்கு முன்னால் ஜெர்மானிய அறிஞர்களின் பெயர்களை அடுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். அது படிப்பின் குற்றமல்ல, பாதியில் நிறுத்திய படிப்பின் குற்றம். மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்த தியோபிலஸ் அப்பாவு, பரட்டை அண்ணன் என்று அறியப்பட்டவர், கிராமத்து இசையிலும் கிராமத்துப் பேச்சிலும் இறையியலைக் கொண்டுவந்தார். ஆழமாகக் கற்றவரால்தான் அவ்வளவு எளிதாகச் சொல்லமுடியும் என்பது என் நம்பிக்கை.

நீங்கள் ஊழியத்துக்கு வர நினைப்பவரானால், எல்லாரும் பி.டி. என்ற இறையியல் பட்டம் முடித்தாகவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். வேலையில் இருப்பவர்கள் வீட்டிலிருந்தே படிக்கும் பாடத்திட்டங்கள், இறையியல் பட்டங்கள் வழங்கும் செராம்பூர் செனட் வழியாகவே உண்டு. உங்கள் குருவானவரிடம் கேளுங்கள். இப்போதைக்கு யோபு புத்தகத்தை முதல் அதிகாரத்திலிருந்து கடைசிவரை படியுங்கள். நண்பர்களின் பேச்சில் உங்கள் காதுக்குச் சரியென்று படுகிற வரிகளைக் குறித்துவைத்து, 42-ஆம் அதிகாரத்துக்கு வந்ததும் அவற்றை மறுபடி வாசியுங்கள். துக்க வீட்டுக்கு ஜெபிக்கப் போவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.